பூவாடைக்காரிக்கு எடுத்த சேலை

பூந்தமல்லி
18-8-1971

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை அன்னம்மாள் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அண்ணியின் கோபம் எப்படி இருக்கிறது, இரண்டையும் எழுதவும்.

ஏழு மைல் தூரத்துக்குக் கடிதம் எழுதுகிற அண்ணன் தங்கை தமிழ்நாட்டில் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். ஒரு பஸ் ஏறினால் ஆவடி, அங்கிருந்து சேக்காடு நடக்கிற தூரம். ஆனால் அண்ணி வாசலை மறித்து நின்று சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "அந்த வேலய முட்ச்சிகினு, தல முழுகிகினு, அப்பால இந்த ஊட்டுப் படி ஏறு. ஊட்ல கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு கீது." சுகுணாவும் பின்னால் நின்று கண்ணைக் கசக்கினாளே தவிர, 'அத்தை உள்ளே வரட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, போகட்டும்.

வேலை இதுதான். நான் படித்த கல்லூரிப் பேராசிரியை தொழுநோயாளிகளின் வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்கிறார். ஏரிக்குப் பின்னால் இருக்கும் இந்தக் குடியிருப்பில் முப்பது பேரிடம் உட்கார்ந்து, கதையைக் கேட்டு, நாற்பத்திரண்டு கேள்வி அச்சடித்த படிவத்தில் நான் எழுதித் தர வேண்டும். முதல் கேள்வி பெயர். சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவது சொந்த ஊர். அதைக் கேட்டதும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுகிறார்கள். பெயரும் இங்கே வந்து வைத்துக்கொண்ட பெயர்தான் என்று போகப் போகத்தான் தெரிந்தது.

கஜபதி என்று ஒருவர். விரல் இல்லாத கையால் பீடியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கருமாதி ஆயி இருவத்திரெண்டு வருசம் ஆவுதும்மா. சுடுகாட்டுக்குப் போறது ஒண்ணுதான் பாக்கி" என்று சிரித்தார். வீட்டில் ஒருவருக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் மற்றவர்களுக்குக் கல்யாணம் நடக்காது. அதனால் ஆளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, ஊரில் செத்துப்போனதாகச் சொல்லிக் காரியமும் செய்துவிடுகிறார்கள். இதுவரை ஒன்பது பேரிடம் கேட்டேன். ஐந்து பேர் இப்படிச் செத்தவர்கள்.

சுகுணாவுக்கு அந்த மண்ணூர்பேட்டை வரன் என்ன ஆயிற்று? உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்புத் தங்கை,
அன்னம்மாள்


சேக்காடு
4-9-1971

அன்புத் தங்கை அன்னம்மாளுக்கு,

பரந்தாமன் எழுதுவது. நாங்கள் அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறோம். முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேன்.

உன் கடிதத்தை ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்த பிறகுதான் உன் அண்ணி உள்ளே எடுக்க விட்டாள். தப்பாக நினைக்காதே. அவள் பயம் அவளுக்கு.

மண்ணூர்பேட்டை வரன் முடிகிற மாதிரி இருக்கிறது. பையன் தொழிற்பேட்டையில் லேத் வேலை. தகப்பனார் உலகநாதன் பெரிய விசாரணைக்காரர். மூன்று தலைமுறைக்கு யார் எப்படிச் செத்தார்கள் என்றுகூடக் கேட்கிறார். உன்னைப் பற்றிக் கேட்டதற்குத் திருவள்ளூரில் டீச்சராக இருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

தை மாதம் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள். அதற்கு முன்னால் நம் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல் போட வேண்டும். படைத்த சேலையை வாங்கிக் கட்டிக்கொள்ள நீதான் வர வேண்டும். வீட்டுப் பெண் வாங்காமல் படையல் முடியாது என்பது உனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். அங்கே பெண்கள் பகுதிப் பக்கம் போகாதே. ஆண்களிடமே கேட்டு முப்பதையும் நிரப்பிக்கொண்டு வந்துவிடு.

இப்படிக்கு,
பரந்தாமன்


பூந்தமல்லி
27-9-1971

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நலமே இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். வரன் கூடி வந்ததில் சந்தோஷம். நான் திருவள்ளூர் டீச்சர் ஆனதிலும் சந்தோஷம். சம்பளம் கொஞ்சம் கூடச் சொல்லியிருக்கலாம்.

பெண்கள் பகுதிக்குப் போகாதே என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் வரும் முன்பே போய்விட்டேன். பதினைந்து ஆண், பதினைந்து பெண் என்பது பேராசிரியையின் கணக்கு. அதை நான் மாற்ற முடியாது. அது சரி, ஏன் போகக் கூடாது?

போன வாரம் பேராசிரியை வந்திருந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கம். பூவாடைக்காரி என்றால் யார் என்று கேட்டார். "புருஷன் இருக்கும்போதே, பூவும் பொட்டுமாகச் செத்துப்போன எங்கள் வீட்டுப் பெண். கல்யாணம் காட்சிக்கு முன்னாலும் ஆடியிலும் கிணற்றடியில் கலசம் வைத்து அவளைப் பெயர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிடுவோம். புதுச்சேலை, மஞ்சள், குங்குமம், பூ வைத்துப் படைப்போம். அவள் வராமல் எங்கள் வீட்டில் நல்ல காரியம் இல்லை" என்று சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பக்கத்தில் கன்னியம்மா என்ற அம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். என்னிடம் ஒரு மாதமாக ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாதவள். என் படிவத்தில் எண் பத்தொன்பது. பேராசிரியை போன பிறகு அவளாகவே வாய் திறந்தாள்.

"உங்க ஊட்ல பூவாடைக்காரி ஆரு?"

"எங்கம்மாதான். நான் ரெண்டு வயசா இருக்கச்சொல்ல திருப்பதிக்குப் போன எடத்துல வாந்திபேதில போய்ட்டாங்க."

முறத்தைக் கீழே வைத்தாள். "படைக்கிற சேலைய ஆரு கட்டுவா?"

"நான்தான்."

"பொருந்துதா?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்களா, அண்ணா? பொருந்தும் என்றேன். எழுந்து உள்ளே போனாள். மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. சாப்பாட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணிக்கும் சுகுணாவுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

அன்னம்மாள்


சேக்காடு
22-10-1971

அன்னம்மாளுக்கு ஆசீர்வாதம்.

யாவரும் சௌக்கியம். வேலை அதிகம், அதனால் உடனே எழுதவில்லை. மழை பிடித்துக்கொண்டது, ஏரி முக்கால் நிறைந்துவிட்டது. நிச்சயதார்த்தம் கார்த்திகையில். உலகநாதனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. நீ எழுதியிருந்த அந்த அம்மாளுக்குக் கண் தெரிகிறதா?

பரந்தாமன்


பூந்தமல்லி
3-11-1971

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவர் நலத்துக்கும் வேண்டிக்கொண்டு எழுதுவது. எனக்கு நான்கு நாளாக ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

கன்னியம்மாவுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், கிட்டே வந்தால் முகம் தெரியும். ஆனால் நான் அவள் கண்ணைப் பற்றி உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லையே. அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை, இருந்தாலும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எதற்காகக் கேட்டீர்கள்?

அவள் இப்போது என்னிடம் பேசுகிறாள். படிவத்தை மடியில் வைத்தால் வாயை மூடிக்கொள்வாள், அதனால் வெறுங்கையோடு போகிறேன். "ரெண்டு புள்ளிங்க. பெரியவன் மீச அரும்பற வயசு. சின்னது பாலு மறக்கல, பல்லால என்னக் கட்ச்சிகினே கெடக்கும்" என்றாள். ஊர் எது என்றேன். "தண்ணி கீற ஊரு" என்றாள். எந்த வண்டியில் வந்தீர்கள் என்றேன். "எம்புள்ள ஓட்டிகினு வந்தான்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அவள் நெற்றியில் எப்போதும் காலணா அகலத்துக்குக் குங்குமம் இருக்கிறது. இங்கே பல பெண்கள் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள்.

போன வாரம் மழை விட்டதும் கொடியில் துணி காயப்போட்டிருந்தார்கள். அதில் ஒரு சேலை. கத்திரிப்பூ நிறம், அரக்குக் கரை, முந்தியில் மூன்று மஞ்சள் கோடு. போன வருஷம் ஆடிப் படையலுக்கு நீங்கள் எடுத்தீர்களே, அதே. என் பெட்டியில் இருப்பதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. ஒரு தறியில் ஒரு சேலையா நெய்வார்கள், கடையில் நூறு விற்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருடையது என்று கேட்டதற்குக் கன்னியம்மாவுடையது என்றார்கள்.

அன்றிலிருந்து என் சேலையை என்னால் கட்ட முடியவில்லை. பயமாக இருக்கிறது, அண்ணா. எதற்குப் பயம் என்று சொல்லத் தெரியவில்லை. உடனே பதில் எழுதுங்கள்.

அன்னம்மாள்


பூந்தமல்லி
26-11-1971

அண்ணாவுக்கு,

வணக்கம். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நிச்சயதார்த்தம் நடந்ததா? என்னைக் கூப்பிட முடியாது என்று எனக்கே தெரியும், ஒரு கார்டாவது போட்டிருக்கலாம்.

கன்னியம்மாவின் தலையணை உறை கிழிந்துவிட்டது. அவள் விரலுக்கு ஊசி பிடிக்க வராது. தைத்துத் தரும்படி என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு வருகிற பார்சல்களின் மேல்துணிகளை ஒட்டுப்போட்டு யாரோ தைத்துக்கொடுத்த உறை. உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பினேன். துணிக்குத் துணி மையில் முகவரி எழுதியிருக்கிறது. கன்னியம்மாள், பெண்கள் பகுதி. மழையில் கலங்கியது, வெளுத்தது, புதிது என்று பதினாறு துண்டு. அனுப்பியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை.

எனக்கு அகரம் எழுதப் பழக்கியது உங்கள் கை. அந்தக் கையெழுத்தை நான் தெரிந்துகொள்ள மாட்டேனா?

அம்மா எந்தத் தேதியில் செத்தாள்? எந்த ஊரில்? கிட்டே இருந்து பார்த்தது யார்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். படிவத்தில் கேட்கிற மாதிரிதான் கேட்கிறேன், வேறு மாதிரி கேட்க எனக்கு இப்போது தெம்பு இல்லை.

அன்னம்மாள்


சேக்காடு
9-12-1971

அன்புத் தங்கைக்கு,

நலம். யுத்தம் தொடங்கியதிலிருந்து டாங்கி ஃபாக்டரியில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. ஆவடி முழுக்க விளக்கணைப்பு. இந்த நேரத்தில் நீ அங்கே தனியாக இருக்க வேண்டாம். வேலையை விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா. உன் அண்ணியிடம் பேசிவிட்டேன், ஒன்றும் சொல்ல மாட்டாள். எதுவானாலும் நேரில் பேசிக்கொள்ளலாம்.

நிச்சயதார்த்தம் நல்லபடி முடிந்தது.

பரந்தாமன்


பூந்தமல்லி
13-12-1971

அண்ணாவுக்கு,

நேரில் வேண்டாம். நேரில் என்றால் நீங்கள் முழங்காலைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்ப்பீர்கள், அண்ணி காபி கொண்டுவருவாள், பேச்சு மாறிவிடும். எழுதுங்கள்.

டாக்டரிடம் பத்தொன்பதாம் எண்ணைப் பற்றிக் கேட்டேன். கிருமி போய் எட்டு வருஷம் ஆகிறதாம். யாருக்கும் ஒட்டாது, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். யாரும் வந்து கேட்கவில்லை என்பதால் இருக்கிறாளாம்.

என் தோளில் ஒரு தேமல் வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. நீங்கள் வெளிச்சத்தில் நிறுத்தி ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தீர்கள். வலிக்கிறது என்று கத்தியதும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதீர்கள். இந்த வியாதி பிடித்த இடத்தில் குத்தினால் வலிக்காது என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்; நீங்கள் அழுதது ஏன் என்றும் இப்போதுதான் தெரிகிறது. எனக்கு வந்த ஆறு வரனும் ஜாதகம் சரியில்லை, குடும்பம் சரியில்லை என்று போனதற்கும் அதுதானே காரணம்?

அன்னம்மாள்


சேக்காடு
28-12-1971

என் அன்புத் தங்கைக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது.

1944. நம் அம்மா பொன்னம்மாளுக்குக் கன்னத்தில் படை வந்தது. முதலில் மஞ்சள் பூசி மறைத்தாள். அப்புறம் மறையவில்லை. ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். நம்மைப் பெற்ற நைனா, அம்மாவோடு திருப்பதி போவதாக ஊரில் சொன்னார். வண்டியை நான் ஓட்டினேன். எனக்குப் பதினைந்து வயது. நீ பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். பூந்தமல்லி தாண்டி, நீ இப்போது இருக்கிற அந்தக் குடியிருப்புக்குப் போனோம். ஆபீசில் பெயர் கேட்டார்கள். கன்னியம்மா என்று நான்தான் சொன்னேன். வண்டியிலிருந்து இறங்கும்போது, "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு ஓட்டு" என்றாள். அதுதான் என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது.

வைக்கோலில் உருவம் கட்டி ஏரிக்கரையில் கொள்ளி வைத்தேன். வைக்கோல் எரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. மொட்டைத் தலையோடு வந்து உன்னைத் தூக்கினேன். நீ என்னை அடையாளம் தெரியாமல் அலறினாய்.

என் கல்யாணத்தின்போது பங்காளிகளே வந்து, 'உங்கள் அம்மா சுமங்கலியாகப் போனவள், அவளைக் கூப்பிடாமல் தாலி கட்டக் கூடாது' என்றார்கள். எப்படி மறுப்பது? கிணற்றடியில் நின்று, உயிரோடு இருப்பவளை, "பொன்னம்மா, ஊட்டுக்கு வா தாயே" என்று நான்தான் கூப்பிட்டேன். பெரியம்மா முறையில் ஒருத்தி மேல் வந்து ஆடிற்று. அம்மாவின் குரலேதான். "பரந்தாமா, எனக்குக் குளுருதுடா" என்றது. பொய் என்று எனக்குத் தெரியும். செத்தால்தானே வருவதற்கு? ஆனாலும் மறுநாளே கடைக்கு ஓடி, படைத்த சேலை மாதிரியே இன்னொன்று வாங்கி, படையலில் வைத்த மஞ்சள் குங்குமத்தையும் சேர்த்துப் பார்சல் கட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு படையலுக்கும் இரண்டு சேலை. நைனாவுக்குக்கூடத் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாள் வந்து வேலிக்கு வெளியே நின்றேன். அவள் நெற்றியில் கையை வைத்து என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று தெரிந்து பார்த்தாளா, தெரியாமல் பார்த்தாளா? அதைக் கேட்கத்தான் கண் தெரிகிறதா என்று எழுதினேன்.

உன் வரன்கள் விஷயம் நீ எழுதியது உண்மை. இரண்டு வயது வரை அவளிடம் பால் குடித்தவள் நீ. கட்டிக்கொடுத்த இடத்தில் உனக்கு வந்துவிட்டால் உன்னையும் ஒருவன் வண்டியில் ஏற்றுவானே என்று பயந்தேன். என்னோடேயே இருந்தால், வந்தாலும் நான் வைத்துக்கொள்வேன் என்று நினைத்தேன். உன் வாழ்க்கையை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது உன் காலில் விழுந்து ஒன்று கேட்கிறேன். நைனா போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. அவளுக்குத் தெரியாது. பொட்டோடு இருக்கிறாள் என்று நீ எழுதியிருக்கிறாய். அதை மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் அழித்துவிடுவாள். அப்புறம் நான் கிணற்றடியில் யாரைக் கூப்பிடுவேன்? படையல் நடக்கட்டும், நீ வந்து சேலையை வாங்கிக்கொள். சுகுணா கழுத்தில் தாலி ஏறட்டும். பிறகு நீ சொன்னபடி செய்கிறேன்.

உன் அண்ணன்,
பரந்தாமன்


பூந்தமல்லி
5-1-1972

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உங்கள் மேல் பரிதாபமாகவும் இருக்கிறது, வயிறு எரியவும் எரிகிறது. ஆறு வரன் விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று இன்றைக்குத் தெரியவில்லை.

படையலுக்கு வர மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உயிரோடு இருக்கிறவளுக்கு இலை போட்டு, அவளுக்கு முன்னால் வைத்த சேலையை வாங்கி என்னால் கட்ட முடியாது. நான் வராவிட்டால் படையல் இல்லை, படையல் இல்லாவிட்டால் உலகநாதன் என்ன ஏது என்று கிளறுவார், கல்யாணம் நிற்கும். நிற்கட்டும் என்றே நினைத்தேன். உங்களிடம் மறைக்கவில்லை.

நேற்றுக் காலை அவளிடம் போய், "அம்மா" என்றேன். இங்கே எல்லாப் பெண்களையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. "தெரியும். நீ வந்த அன்னிக்கே தெரியும். உங்க நைனா நடை உனக்கு" என்றாள். ஏன் இத்தனை மாதம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா எழுதிக்குவியே" என்றாள்.

அந்தப் படிவத்தை நான் நிரப்பவில்லை. இருபத்தொன்பது பேரோடு கொடுத்துவிடப் போகிறேன்.

நைனாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நம் அம்மாவின் கையை நான் முதல் தடவையாகப் பிடிக்கிறேன், அண்ணா. சூடாக இருக்கிறது. அவள், "எம்புள்ளைக்கு ஒரு காயிதம் எழுதணும், எழுது" என்றாள். சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். நான் வருவதும் வராததும் இனி என் கையில் இல்லை என்று அதைப் படித்தால் உங்களுக்குத் தெரியும்.

அன்னம்மாள்


கண்ணு பரந்தாமா,

நல்லா கீறியா? உம் பொஞ்சாதி, உம் பொண்ணு எல்லாம் நல்லா கீறாங்களா? எனக்கு ஒண்ணும் கொறவு இல்ல. சாப்பாடு போடறாங்க. கையில வலி இல்ல, வலி தெரியற எடம் போய் ரொம்ப நாளாச்சி.

வேலி ஓரத்துல நீ வந்து நின்னது எனக்குத் தெரியும். மொகம் தெரியல. ஆனா வேலிய புட்ச்சிகினு அவ்ளோ நேரம் நிக்கறவன் வேற ஆரு? நான் கிட்ட வந்தா நீ ஓடிப்பூடுவன்னுதான் அசையாம நின்னேன்.

அண்ணன் இன்னாமோ எழுதிகிறாருன்னு பொண்ணு மொகத்த தூக்கி வெச்சிகினு வந்துது. உங்க நைனா செத்தத சொல்லணுமா வேணாமான்னு முழிக்குது. அது எனக்குத் தெரியாதா? உன் மூட்டையில ஒவ்வொரு வாட்டியும் சேலைக்குள்ள நாலு கொட்டப்பாக்கு துணியில முடிஞ்சி கெடக்கும். அத நீ வெக்கல, உங்க நைனா வெச்சது. நீ கட்டி வெச்சப்பறம் அவுத்து வெச்சி, திரும்பக் கட்டிக் கீறாரு. அந்த முடிச்சி அவரு முடிச்சி. ஏர்ல கவுறு போடற மாதிரி போடுவாரு. அப்பால ஒரு வருசம் மூட்டையே வரல, சாவு உழுந்த ஊட்ல அந்த வருசம் படைக்க மாட்டாங்க. மறு வருசம் வந்துது, பாக்கு இல்ல. அன்னிக்கே நான் அழுது முட்ச்சிட்டேன்.

பொட்ட அன்னிக்கே அழிச்சிருக்கணும். ஆனா உன் மூட்டையில குங்குமம் வந்துகினே கீது. எனக்குப் படைக்கிறாங்கன்னு அத்தப் பாத்துதான் தெரிஞ்சிகினேன். பூவாடைக்காரின்னா பூவும் பொட்டுமாத்தான இருக்கணும்? நான் அழிச்சிட்டா நீங்க கும்பிடறது ஆர? கூப்புடறது ஆர? உம் பொண்ணு கழுத்துல தாலி ஏற வேணாவா? அதான் வெச்சிகினு கீறேன். எனக்காவ இல்ல, அவருக்காவும் இல்ல. உங்களுக்காவ.

என்ன ஊட்டுக்கு இட்டுகினு போறன்னு இந்தப் பொண்ணு குதிக்குது. வேணாம். வந்தா ஒரு கெழவி வந்தா மாதிரிதான். இப்ப நான் சாமியா கூட்டத்துக்கு நடுவுல நிக்கறேன், எல்லாம் என் கால்ல உழறாங்க. இவள படையலுக்கு அனுப்பறேன். சேலைய வாங்கி நெறைவா கட்டிக்கும். அதுக்கும் ஒரு நல்ல எடமா பாரு, வயசு ஆச்சின்னு பாக்காத.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும், இத்தினி வருசமா கேக்க ஆளு இல்ல. மூட்டை வந்து சேர எட்டு நாளு ஆயிடுது. அதுக்குள்ள நீங்க கூப்ட்ட நாளு பூடுது. நீ கெணத்தாண்ட நின்னு வா தாயேன்னு கூப்டச்சொல்ல நான் இங்க ஏனம் கழுவிகினு இருந்திருப்பேன், தலை வாராம குந்திகினு இருந்திருப்பேன். மனசு ஆறல. இந்த வாட்டி எந்த நாளு, எத்தினி மணிக்குக் கூப்புடுவன்னு முன்னாடியே எழுதிப் போடு. தல முழுகி, சேலைய கட்டிகினு, சேக்காடு எந்தப் பக்கம்னு இந்தப் பொண்ண கேட்டு, அந்தப் பக்கமா பாத்துகினு தயாரா குந்தியிருக்கேன்.